அலமாரிக்கு மேலிருக்கும் பெட்டி

பெங்களூருக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பங்களில், பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்து வீடு மாறிய அனுபவம் இல்லாதோர் அரியர். அல்சூரிலிருந்து மாரத்தஹள்ளிக்கும், ஸ்ரீராமபுரத்திலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கும் சாமான்கள் வண்டியேறும்போது, ஊரிலிருந்து கொண்டுவந்த அம்மிக்கல் கூடத் தவறாமல் உடன் வருகிறது. ஆனால் அலமாரிக்கு மேல், இரண்டு மூன்று கொம்புகளோடும் மினுக்கும் விளக்குகளோடும் இருந்த ஒரு சிறு பெட்டி மட்டும் அங்கேயே விடப்படுகிறது. அல்லது பரணில் பழைய செருப்புகளோடு சேர்ந்துவிடுகிறது. புது வீட்டுக்குப் புதுப் பெட்டி. யாரோ ஒருவர் வந்து மாட்டிவிட்டுப் போகிறார். கடவுச்சொல்லைத் துண்டுத் தாளில் எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டுகிறோம். அவ்வளவோடு அப்பெட்டிக்கும் நமக்கும் உள்ள உறவு முடிந்துவிடுகிறது.

அந்தப் பெட்டியைப் பற்றியே இத்திங்கள் எழுத எண்ணினோம். ரூட்டர் என்று எல்லாரும் சொல்வது அது. தமிழில் திசைவி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வந்த செய்தியை உரிய திசையில் செலுத்துவதால் பெயர் மிகப் பொருத்தமே. ஆயினும் கடைத்தெருவில் திசைவி என்று கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். ஆதலின் ரூட்டர் என்றே எழுதுகிறோம், தமிழன்பர்கள் பொறுத்தருள்க.

பிள்ளைகளின் பாடம், மருமகளின் அலுவலக வேலை, வங்கிக் கணக்கு, ஊரில் தனித்திருக்கும் தாயாரின் முகம், இவையனைத்தும் இந்த ஒரு பெட்டியின் வழியாகவே வீட்டுக்குள் வருகின்றன. தெருக்கதவுக்கு நாமே பார்த்துப் பூட்டு வாங்குகிறோம். அதைவிட அதிகம் போய்வரும் இந்தக் கதவுக்கு என்ன பூட்டு, அதன் சாவி யாரிடம் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

பெட்டி செய்யும் வேலையை அறிவது கடினமன்று. கன்னடர் ‘வட்டார’ என்று வழங்கும் கூட்டுக் குடியிருப்புகளை இவ்வூர்ப் பழைய பேட்டைகளில் நேயர்கள் கண்டிருப்பார்கள். நடுவே முற்றம், சுற்றிலும் எட்டுப் பத்துக் குடித்தனங்கள், தெருவுக்கு ஒரே வாசல். தபால்காரருக்குத் தெரிந்தது அந்த ஒரு வாசலின் எண்தான். உள்ளே யாருக்கு எந்தக் கடிதம் என்று பிரித்துக் கொடுப்பவர் வாசலில் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாள். ரூட்டரும் அந்த அம்மாளைப் போன்றதே. வெளியுலகுக்குத் தெரிவது ஒரே முகவரி. வீட்டுக்குள் இருக்கும் தொலைபேசிக்கும் கணினிக்கும் தொலைக்காட்சிக்கும் பெட்டியே தனித்தனி எண் கொடுக்கிறது. 192.168 என்று தொடங்கும் எண்களைப் பலர் பார்த்திருக்கக்கூடும். அவை உள்வீட்டு எண்கள். நம் வீட்டிலும் அடுத்த வீட்டிலும் ஒரே எண் இருக்கலாம், குழப்பம் வராது. ஏனெனில் அவ்வெண் வாசலைத் தாண்டி வெளியே செல்வதில்லை. உள்ளிருந்து யார் எந்தத் தளத்துக்கு ஆளனுப்பினார் என்பதைப் பெட்டி குறித்துக்கொள்கிறது. மறுமொழி வந்ததும் கேட்டவரிடமே சேர்ப்பிக்கிறது. யாரும் கேளாமலே வெளியிலிருந்து வந்து கதவைத் தட்டுவோரைத் திருப்பி அனுப்புவதும் அதன் கடமை.

வாசலில் இருக்கும் அம்மாள் அயர்ந்துவிட்டால் என்னாகும்? 2016-ஆம் ஆண்டில் ‘மிராய்’ என்றொரு தீய நிரல் உலகெங்கும் பரவியது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லையே மாற்றாமல் விட்டிருந்த கண்காணிப்புக் காமிராக்களிலும் வீட்டு ரூட்டர்களிலும் புகுந்து, அவற்றைத் தன் ஏவலாட்களாக்கிப் பெரிய நிறுவனங்களைத் தாக்கியது. அவ்வாண்டு நவம்பரில் அதன் வழிவந்த ஒரு தாக்குதலால் ஜெர்மனியில் மட்டும் ஏறத்தாழ 9 லட்சம் வீட்டு இணைப்புகள் முடங்கின. பெட்டி விற்ற நிறுவனம் சில ஆண்டுகளில் அந்த மாதிரியைக் கைவிட்டுவிடுகிறது. பின்னர் அதில் எந்த ஓட்டை வெளிப்பட்டாலும் அடைப்பாரில்லை. பெட்டியோ விளக்கை மினுக்கிக்கொண்டு வேலை செய்தவண்ணம் இருக்கிறது. பழுதானால் தூக்கியெறிவோம், பழுதாகாமலே பாதுகாப்பற்றுப் போனதை எவ்வாறு அறிவோம்? நம் கவலை இங்கேதான் தொடங்குகிறது.

நம் சங்கத்துப் பிள்ளைகள் நால்வர் கோடை விடுமுறையில் வீட்டு வலையமைப்பைக் கற்க முனைந்தபோது, அவர்களுள் ஒருத்தியின் தாயார் நம்மிடம் கேட்டார்: “பெட்டியைத் திறந்தால் கம்பெனிக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்களா, ஐயா?” அவர் கணவர் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர். அவருடைய வினா பேதைமையன்று. கற்றோர் பலரும் கேட்கத் தவறும் வினா. விடை இதுதான். ஒளியிழைக் கம்பி வந்து முடியும் இடத்தில் இணைய நிறுவனம் தன் உடைமையாக வைத்திருக்கும் பெட்டியில் நாம் கைவைக்கலாகாது. அதன் பின்னே நாம் விலைகொடுத்து வாங்கி வைக்கும் பெட்டி நம்முடையது. அதைத் திறக்கலாம், அதன் நிரலை மாற்றலாம், அது பேசும் காற்றலைக்கும் தனி உரிமம் வேண்டுவதில்லை.

இந்த உரிமை எப்போதும் இருந்ததன்று. 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலானோர் சென்னை மாகாண வானொலி மன்றத்தைத் தொடங்கி ஒலிபரப்பினர்; பணமுடையால் மூன்றாண்டில் அது நின்றது. 1935-இல் மைசூர் மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி தம் வீட்டிலேயே நிலையம் அமைத்து அதற்கு ஆகாசவாணி என்று பெயரிட்டார். பெட்டி கட்டும் ஆசை இந்நிலத்துக்குப் புதிதன்று என்பதற்கு இவை சான்று. ஆனால் 1933-ஆம் ஆண்டுச் சட்டப்படி கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டியிருந்தது. வானொலிப் பெட்டிக்காக ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் கட்டணம் கட்டிய நினைவு மூத்த நேயர்களுக்கு இருக்கும்.

2005 சனவரியில் இந்திய அரசு 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசைத் துண்டை, குறைந்த ஆற்றலில் இயங்கும் கருவிகளுக்கு, வீட்டுக்கு உள்ளும் புறமும் உரிமமின்றித் திறந்துவிட்டது. கருவியின் ஆற்றல் 1 வாட்டையும், ஆன்டெனாவின் குவிப்பையும் சேர்த்தால் 4 வாட்டையும் மிஞ்சக்கூடாது என்பது நிபந்தனை. 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் பெரும் அகலம் திறக்கப்பட்டது. ஆகவே அரசு ஏற்ற வைஃபை அட்டையை வாங்கி, அமைப்பில் நாடு என்னுமிடத்தில் இந்தியா என்று குறித்து, ஆற்றலை வரம்புக்குள் வைத்திருக்கும் வரையில் நாம் சட்டத்துக்கு உட்பட்டோரே. வேறு நாட்டைக் குறித்தால் அலை வலுக்கும் என்று சிலர் இரகசியம் சொல்வார்கள். அது இரகசியமன்று, சட்டமீறல்.

காற்று திறந்தது, நிரல் திறந்த கதை இதனினும் சுவையானது. 2002 டிசம்பரில் லிங்க்ஸிஸ் நிறுவனம் நீலமும் கருமையுமான ஒரு ரூட்டரை விற்பனைக்கு விட்டது. டபிள்யூஆர்டி54ஜி என்பது அதன் பெயர். அதனுள் ஓடிய நிரல் லினக்ஸ் என்பதைச் சிலர் கண்டுபிடித்தனர். லினக்ஸை எவரும் எடுத்தாளலாம். ஆனால் அதைப் பெட்டியில் வைத்து விற்பவர், தாம் செய்த திருத்தங்களின் மூலத்தையும் வாங்கியோருக்குத் தரவேண்டும் என்பது அதன் உரிம விதி. அதற்குள் லிங்க்ஸிஸைப் பெருநிறுவனமான சிஸ்கோ வாங்கியிருந்தது. விதியைக் காட்டிக் கேட்டவர்களுக்கு 2003-இல் மூலநிரல் வெளியாயிற்று. அதை அடித்தளமாகக் கொண்டு 2004-இல் ஓபன்டபிள்யூஆர்டி என்னும் பொதுநிரல் பிறந்தது. இன்று பல நிறுவனங்களின் நூற்றுக்கணக்கான மாதிரிகளில் அது இயங்குகிறது. செய்தவர் கைவிட்ட பெட்டிகளுக்கும் ஓட்டையடைப்புகள் அதன் வழியே வருகின்றன. 2024-இல் அக்குழுவினர் திறந்து பார்ப்பதற்கென்றே ஓர் ஆயத்தப் பெட்டியையும் வெளியிட்டனர். வேண்டுகோள் விடுத்தவர்கள் படைபலமோ பணபலமோ உடையவர்களல்லர். உரிமத் தாளைக் கருத்தூன்றிப் படித்தவர்கள்.

நிற்க. இதெல்லாம் பொழுதுபோக்குக்கு ஆகும், பெரிய காரியத்துக்கு உதவுமா என்று ஐயுறுவோர் தேனி மாவட்டத்தை நோக்குவாராக. டாக்டர் கோ. வேங்கடசாமி 1976-இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளை ஒன்று தேனியில் இருக்கிறது. கண்நோயாளி ஒவ்வொருவரும் நகருக்கு வரும் துன்பத்தைக் குறைக்கச் சுற்றுப்புற ஊர்களில் பார்வை மையங்கள் அமைத்தனர். மையத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளியை, தேனியிலிருக்கும் டாக்டர் திரையில் பார்த்துப் பேசவேண்டும். அந்நாளில் கம்பி வழி அந்த வேகம் அங்குக் கிடைப்பதில்லை. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் பிரூவர் முதலிய ஆராய்ச்சியாளர்கள் மருத்துவமனையோடு சேர்ந்து, வீட்டு வைஃபையையே கிலோமீட்டர்க் கணக்கில் நீட்ட முற்பட்டனர்.

வீட்டு வைஃபை நெடுந்தொலைவு செல்லாமைக்கு ஆற்றல் குறைவு மட்டும் காரணமன்று. அதன் பொறுமைக் குறைவும் காரணம். ஒரு பெட்டி செய்தித் துண்டொன்றை அனுப்பியதும், ‘வந்து சேர்ந்தது’ என்ற மறுசொல்லுக்குக் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பு சில நூறு மீட்டருக்கு ஏற்ப வகுக்கப்பட்டது. 15 கிலோமீட்டரைக் கடக்க ஒளிவேகத்தில் செல்லும் அலைக்கும், விநாடியைப் பத்து லட்சம் கூறாக்கினால் 50 கூறு வேண்டும். மறுசொல் திரும்ப இன்னும் 50. அதற்குள் அனுப்பிய பெட்டி, துண்டு தொலைந்ததென்று கருதி மறுபடி அனுப்பத் தொடங்கிவிடும். ஆராய்ச்சியாளர்கள் இந்த அவசர முறையை நீக்கி, இது உன் முறை, இது என் முறை என்று காலத்தைப் பங்கிட்டுப் பேசும் ஒழுங்கை நிரலில் எழுதினர். பெட்டியோ சிறிய ஒற்றைப்பலகைக் கணினி. சராசரியாக 7 வாட் மின்சாரமே உண்பது. திசைநோக்கிய ஆன்டெனாக்களைக் கோபுரங்களிலும் வீட்டு மாடிகளிலும் ஆலை ஒன்றின் புகைபோக்கியிலும் ஏற்றினர். 11 ரூட்டர்கள், 9 இணைப்புகள், நெடியது 15 கிலோமீட்டர். ஐந்து பார்வை மையங்கள் தேனியோடு இவ்வாறு பேசின.

அவர்கள் 2008-இல் எழுதிய ஆய்வுரையில் நம்மைக் கவர்ந்த பகுதி வேகக் கணக்கன்று. அலைக் கோளாறைவிட மின்சாரக் கோளாறே பெட்டிகளை அதிகம் கெடுத்தது என்கிறார்கள். ஏற்ற இறக்கமுள்ள மின்சாரம் பெட்டியின் நினைவட்டையைக் குலைத்துவிடும். ஒவ்வொரு முறையும் கடல் கடந்து நிபுணர் வர இயலுமா? உள்ளூர்ப் பணியாளர்கள் பழுதறியக் கற்கவேண்டியதாயிற்று. அவர்களுக்கு விளங்கும் வகையில் கருவியை எளிதாக்க வேண்டியதுமாயிற்று. தேனிப் பக்கத்து அன்பர்கள் பலர் இவ்வூரில் இருக்கிறார்கள். தம் ஊரின் இப்பெருமையை அறிந்தவர் எத்தனை பேரோ!

வெனிசுவேலா நாட்டில் 2006-இல் பேராசிரியர் எர்மானோ பியத்ரோசெமோலி என்பவர் 279 கிலோமீட்டருக்கு வைஃபை இணைப்பு நிகழ்த்தினார். அவர் கையாண்டது மேலே சொன்ன அதே லிங்க்ஸிஸ் பெட்டியும் ஓபன்டபிள்யூஆர்டியும் பழைய வட்டில் ஆன்டெனாவுமே. நேர்ப்பார்வை வாய்த்ததால் அது முடிந்தது. கட்டடக் காடான நம் ஊரில் நாலு சுவரைத் தாண்டினால் போதுமென்று இருக்கிறது.

அந்த நாலு சுவர்தான் இஸ்திரிக்காரர் மகளுக்கும் இடர். வாசல் அறையில் பெட்டி. அவள் படிப்பது சமையலறைக்குப் பின்னுள்ள சிறு அறையில். இடையே நீர்த்தொட்டி. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். ஆகவே வகுப்பு நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து பாடம் கேட்டு வந்தாள். ஒன்பதாம் வகுப்பு மாணவி. படியில் ஏறுவோர் இறங்குவோர்க்கெல்லாம் நோட்டுப் புத்தகத்தை மடக்கி வழிவிட வேண்டும்.

பிள்ளைகள் முதலில் பழைய மேசைக் கணினி ஒன்றில் இரண்டாம் வலையட்டையைச் செருகி, ஓபன்டபிள்யூஆர்டியை ஏற்றி, ரூட்டராக்கினார்கள். ஓர் அட்டை வெளியுலகுக்கு, மற்றது வீட்டுக்கு. எது எதற்கு என்று முடிவு செய்வதற்குள் ஒரு மாலைப்பொழுது கழிந்தது. கற்பதற்கு இதனினும் சிறந்த வழியில்லை. மறைவாக நடப்பதெல்லாம் திரையில் வரிவரியாகத் தெரியும். நிரந்தரமாக வைத்துக்கொள்வதற்கு மட்டும் ஏற்றதன்று. 50 வாட் உண்ணும் கணினி இரவும் பகலும் ஓடினால் திங்களுக்கு 36 யூனிட் ஆகிறது. 8 வாட் ரூட்டருக்கு 6 யூனிட்டும் ஆகாது. ஏழை வீட்டில் இந்த வேற்றுமை பெரிது.

ஆதலால் இரண்டாம் முயற்சியாகச் சாதர பத்ரப்ப சாலைக்குப் போனார்கள். எஸ்.பி. ரோடு என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். கணினிப் பாகங்களும் பழைய மின்னணுச் சாமான்களும் குவிந்துகிடக்கும் தெரு அது. வாங்குமுன் பெட்டியைக் கவிழ்த்து, அடியிலுள்ள சீட்டில் மாதிரியின் பெயரையும் அதன் பதிப்பு எண்ணையும் படித்தார்கள். பெயர் ஒன்றே, பதிப்பு வேறானால் உள்ளிருக்கும் சில்லும் வேறாயிருக்கும். ஒன்றில் ஏறும் நிரல் மற்றதில் ஏறாது. ஓபன்டபிள்யூஆர்டி ஏற்கும் கருவிகளின் பட்டியலில் அந்தப் பதிப்பு இருக்கிறதா என்று அங்கேயே தொலைபேசியில் பார்த்துக்கொண்டார்கள். சேமிப்பு 16 மெகாபைட்டும் நினைவகம் 128 மெகாபைட்டும் இருந்தால் நலம். 4-ம் 32-மாக உள்ள மிகப் பழைய பெட்டிகளுக்குப் புதிய பதிப்புகள் வருவதில்லை, அவற்றை வாங்குவது காசுக்குக் கேடு. சில நூறு ரூபாய்க்கு நல்லதொரு பெட்டி கிடைத்தது.

நிரல் ஏற்றும் சில நிமிடங்களே ஆபத்தானவை. நடுவில் மின்சாரம் போனால் பெட்டி உயிரற்ற செங்கல்லாகிவிடக்கூடும். தொழில் தெரிந்தோரும் அவ்வாறே சொல்கிறார்கள். பெங்களூர் மின்சாரத்தை நம்பி எதையும் செய்யலாகாது. யூ.பி.எஸ். வைத்தே ஏற்றினார்கள். வைஃபை வழியாக ஏற்றாமல் கம்பி வழியாக ஏற்றியதும் அறிவுடைமை.

பிறகு கம்பி இழுக்கும் வேலை. வாசல் பெட்டியிலிருந்து பின்னறைக்குக் கம்பி. அதன் முனையில் எஸ்.பி. ரோட்டுப் பெட்டி, புதிய வைஃபை முனையாக. கம்பிக்குள் எட்டு இழைகள். அவற்றின் வரிசையைப் பிள்ளைகள் வாய்பாடு போல ஒப்பித்தார்கள்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. இருமுனையிலும் இவ்வரிசை மாறலாகாது. இரண்டு பெட்டிகளும் எண் வழங்க முற்பட்டால் வீட்டில் இரண்டு நாட்டாமை ஆகிவிடும். ஆகவே பின்னறைப் பெட்டியில் எண் வழங்கும் வேலையை நிறுத்தினார்கள். அக்கட்டடத்தில் வைஃபை வைத்திருந்த பெரும்பாலோர் ஆறாம் அலைத்தடத்திலேயே நெருக்கியடித்துக்கொண்டிருந்தனர். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று முட்டாதவை 1, 6, 11 என்னும் மூன்று தடங்களே. காலியாயிருந்த 11-ஐ இவர்கள் கொண்டனர். தடுமாறிக்கொண்டிருந்த படம் அன்று மாலையே நேராக வந்தது. கடவுச்சொல்லை மகளே தேர்ந்தெடுத்தாள். தாயாருக்கு மட்டும் சொன்னாள்.

ஒரு வீட்டுக்குச் செய்தது ஊருக்கும் ஆகும். இங்கிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பக்கூடிய தொலைவில், துமகூரு மாவட்டத்துத் தேவராயனதுர்க்கம் இருக்கிறது. பெங்களூரைச் சேர்ந்த ஜனஸ்து என்னும் அமைப்பினர் அம்மலைப்புறத்துச் சிற்றூர்களில், ஊராருக்கே உரிய வைஃபை வலையை மக்களோடு சேர்ந்து அமைத்து வருகிறார்கள். அத்தகைய வலையில் ஒவ்வொரு பெட்டியும் அடுத்த பெட்டிக்குச் செய்தியைக் கைமாற்றுகிறது. வெளியுலக இணைப்பு அறுந்தாலும் வலைக்குள் இருப்போர் தமக்குள் பேசலாம், பதிவுசெய்த குரல்களைக் கேட்கலாம். கோடை விடுமுறைக்குக் குழந்தைகளை எங்கே அழைத்துச் செல்வதென்று திகைப்போர், அம்மலையின் நரசிம்மர் கோயிலோடு இதனையும் பார்த்து வரலாம்.

பரணில் பழைய பெட்டி வைத்திருக்கும் நேயர்கள் அதை எடுத்துத் துடைத்து, அடிச்சீட்டில் கண்ட மாதிரிப் பெயரையும் பதிப்பு எண்ணையும் ஒரு தாளில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுத்துவைப்பார்களாக. அச்சீட்டிலேயே கடவுச்சொல்லும் அச்சாகியிருக்கும். அதை மட்டும் எழுத வேண்டா. எது தேறும், எது தேறாது என்பதை அந்த நால்வரும் பார்த்துச் சொல்வதாக ஏற்றிருக்கிறார்கள். அடுத்த இதழில் அப்பட்டியலை வெளியிடுவோம்.